சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

திருகோணமலைப் பாலையூற்றில் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு தகரக் கொட்டிலுக்குள் கணித வகுப்பு தொடங்குகிறது. வாங்கில் இடம் போதாமல் பின்வரிசைப் பிள்ளைகள் முழங்காலில் கொப்பியை வைத்து எழுதுகிறார்கள். அதே நேரத்தில் அதே ஒழுங்கையால் ஒரு குடும்பம் தோய்த்து மடித்த உடுப்போடு ஆராதனைக்குப் போகிறது. தாயின் கையில் வேதாகமம். தகப்பனின் தோளில் சின்னவன். பின்னால் வருவது பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. கொட்டிலைத் தாண்டும்போது அவள் நடையைக் குறைக்கிறாள். கரும்பலகையில் என்ன பாடம் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தாயோடு சேர்ந்துகொள்கிறாள். சாதாரண தரப் பரீட்சை எழுதக் காத்திருக்கும் பிள்ளை அவள். போன வருடம் வரை இதே கொட்டிலில், முன்வாங்கில் இருந்து படித்தவள். அப்போது வகுப்பு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

வகுப்பு ஏன் மாறியது என்று படிப்பிக்கும் சேரிடம் கேட்டோம். ஞாயிறு காலை பிள்ளைகள் சமய வகுப்புக்குப் போக வேண்டுமாம், அந்த நேரத்தில் ரியூசன் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எழுத்தில் ஏதும் வந்ததா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "வந்ததோ வரேல்லையோ, நாளைக்கு ஒரு வில்லங்கம் எண்டால் எனக்குத்தானே" என்றார். அந்தப் பிள்ளையின் நிலைமை அவருக்குத் தெரியும். "மற்றப் பிள்ளையளின்ர கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறன்" என்றும் சொன்னார். இரக்கமுள்ள மனிதர். அவரில் பிழை பிடிக்க நாங்கள் இதை எழுதவில்லை. அவருடைய நேரசூசியை அவரைக் கேளாமலே திருத்திய கைகளைக் கண்டிக்கவே எழுதுகிறோம்.

ஞாயிறு வகுப்புக்குப் பூட்டுப் போடும் எண்ணம் பாலையூற்றில் முளைத்ததல்ல. பௌத்த தஹம் பாடசாலைகளுக்காக ஞாயிறு முற்பகலில் தனியார் வகுப்புகளைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை தெற்கில் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. 2023இல் யாழ்ப்பாணத்திலும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளி மாலையிலும் ஞாயிறிலும் தனியார் வகுப்பு வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அறநெறிப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அங்கே இந்துக் குருமார் வரவேற்றார்கள், கத்தோலிக்கக் குருமார் வரவேற்றார்கள், பெற்றோரிலும் பலர் வரவேற்றார்கள். எதிர்த்தவர்களைப் பணத்தாசை பிடித்த ரியூட்டரிக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டோம். மூன்று சமயத்தார் ஒருமித்துத் தலையாட்டிய ஒரு காரியத்தில் நான்காவதாக ஒருத்தர் இருக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரவில்லை.

ரியூசனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஐந்தாம் தரத்துப் பிள்ளை விடிய ஐந்தரைக்குப் புத்தகப் பையோடு ஓட்டோவில் தூங்கி வழிவதைக் காணாத பெற்றோர் திருகோணமலையில் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பிள்ளை ஓய வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஓய்வுதான் நோக்கம் என்றால், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இத்தனை மணிக்கு மேல் வகுப்பு வைக்கக் கூடாது என்று விதி செய்யலாம். விடியற்காலையிலும் இரவிலும் வைக்கக் கூடாது என்று சொல்லலாம். ஏதாவது ஒரு நாளை முழுதாக விட வேண்டும், எந்த நாள் என்பது குடும்பத்தின் தீர்மானம் என்று எழுதலாம். அப்படி எவரும் எழுதவில்லை. ஞாயிறு என்று நாளைக் குறித்து, சமய வகுப்புக்காக என்று காரணத்தையும் குறித்தார்கள். குறித்த அந்தக் கணத்திலேயே அது பிள்ளையின் ஓய்வைப் பற்றிய விதி என்ற தகுதியை இழந்து, வழிபாட்டைப் பற்றிய விதியாகிவிட்டது.

இதனால் வந்த வினை என்ன? ரியூசன் ஒரு மணித்தியாலம்கூடக் குறையவில்லை. ஞாயிறிலிருந்து கிளம்பிச் சனிக்கிழமையில் வந்து குந்திக்கொண்டது. ஒரு சாராரின் நாளைக் காக்கப் போய் இன்னொரு சாராரின் நாளை விலையாகக் கொடுத்திருக்கிறோம். கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு சதமும் செலவில்லை.

அந்த இன்னொரு சாரார் யார்? ஊரில் அவர்களைச் சனிக்கிழமை வேதக்காரர் என்பார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை என்பது சபையின் பெயர். வெள்ளி பொழுதுபட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கும், சனி பொழுதுபட முடியும். அந்த நேரத்துக்குள் வேலை இல்லை, வியாபாரம் இல்லை, பள்ளிப்படிப்பும் இல்லை. சந்தையில் மரக்கறி விற்பவர் வியாபாரம் கூடிய சனிக்கிழமையில் சாக்கை மூடிக் கட்டிவிட்டுப் போவதையும், முறைவேலை செய்பவர் சனிக்கிழமையை மாற்றிக்கொள்ள மூன்று ஞாயிறு கூடுதலாக உழைப்பதையும் கண்டிருக்கிறோம். சபையாக 1863இல் அமெரிக்காவில் அமைந்தவர்கள். ஆகவே வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கிய புதுப்பழக்கம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு தமிழ்க் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சபை தமிழரிடம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1857இல், திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்ற தமிழர் மிஷனரியோடு முரண்பட்டுத் தனிச் சபை கண்டார். வேதாகமத்தைத் தானே படித்து, ஓய்வுநாள் சனிக்கிழமையே என்று தீர்மானித்தார். இந்து கிறிஸ்தவ சபை என்று அறியப்பட்ட அந்தக் கூட்டம் பல தலைமுறையாகச் சனிக்கிழமையை ஆசரித்தது. அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரகாசபுரத்துக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் தமிழரைக் கண்டார்கள். அந்த ஓய்வுநாளுக்குத் தமிழ் மண்ணில் வேர் உண்டு.

அந்தப் பிள்ளையின் தகப்பனையும் கண்டு பேசினோம். சனிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டோம். அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐயா, நாங்கள் ஒருத்தரையும் சனிக்கிழமை கொட்டிலைப் பூட்டச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டாமல் விட்டாலே காணும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குள் நூற்றைம்பது வருடத் துன்பமும் தெளிவும் இருக்கின்றன. அவருடைய சபையார் ஞாயிறு சட்டங்களிடம் பட்ட பாடு சின்னதல்ல. 1889இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஓபியன் மாவட்டத்தில் ஆர். எம். கிங் என்ற சிறு விவசாயி கைது செய்யப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த நிலத்தை உழுதது குற்றம். முதல்நாள் சனிக்கிழமை அவர் ஓய்ந்திருந்தார் என்பது வழக்குக்குத் தேவைப்படாத விவரமாயிற்று. 75 டொலர் தண்டம் விதித்தார்கள். மேல்முறையீடு முடியுமுன் 1891இல் அவர் இறந்துபோனார். வாரத்தில் ஒரு நாள் கடவுளுக்கு, இன்னொரு நாள் சட்டத்துக்கு என்று இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஏழை விவசாயி எப்படிப் பிழைப்பான் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

கிங் கைதாவதற்கு ஒரு வருடம் முன்னதாக, 1888இல், செனற்றர் ஹென்றி பிளேயர் நாடு முழுவதற்கும் ஞாயிறு ஓய்வுச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த டிசம்பரில் செனற் குழுவின் முன் அட்வென்டிஸ்ட் ஊழியர் ஏ. டி. ஜோன்ஸ் சாட்சியம் சொன்னார். ஏழாம் நாளை ஆசரிப்பவர்களுக்கு விதிவிலக்குத் தந்தால் உங்களுக்குச் சம்மதமா என்று பிளேயர் கேட்டார். சிறுபான்மை ஒன்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளக்கூடிய சலுகைதான். ஜோன்ஸ் வேண்டாம் என்றார். விதிவிலக்கை ஏற்றால், சட்டம் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவருடைய வாதம். சனிக்கிழமையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தாலும் இதே வேகத்தில் எதிர்ப்போம் என்பதும் அவர் நிலைப்பாடு. அந்தச் சட்டமூலம் சட்டமாகாமலே செத்தது. ஜோன்ஸ் என்ற பெயரைப் பாலையூற்றுத் தகப்பன் கேள்விப்பட்டாரோ தெரியாது. ஒழுங்கையில் நின்று அவர் சொன்னதும் ஜோன்ஸ் செனற்றில் சொன்னதும் ஒன்றுதான். இருவரும் தமக்கென்று ஒரு பூட்டைக் கேட்கவில்லை.

பிற்காலத்து நீதிமன்றங்கள் இந்த நியாயத்தை மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டன. அமெரிக்கத் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் துணியாலையில் வேலை செய்த ஏடல் ஷெர்பர்ட் என்ற அட்வென்டிஸ்ட் பெண், ஆலை வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று மாறியபோது சனிக்கிழமை வர மறுத்ததால் வேலையை இழந்தார். வேலையிழந்தோர் கொடுப்பனவும் அவருக்கு இல்லை என்றது மாநிலம். அதே மாநிலச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மனச்சாட்சி இடங்கொடாதவர்களுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தது. 1963இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனையைச் சுட்டிக்காட்டி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கனடாவில் 1906 முதல் இருந்த கர்த்தருடைய நாள் சட்டத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1985இல் செல்லாதது என்று தள்ளியது. சட்டத்தின் நோக்கமே ஒரு மதத்தின் நாளைக் கட்டாயப்படுத்துவது என்பதே காரணம். அடுத்த ஆண்டே, கடைச் சிப்பந்திகளின் ஓய்வுக்காக ஒன்றாரியோ மாகாணம் செய்த விடுமுறைச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தில் சனிக்கிழமை பூட்டும் சிறு கடைகளுக்கு வழி விட்டிருந்தார்கள். ஓய்வுக்கு விதி செய்வது ஒன்று, வழிபாட்டுக்கு விதி செய்வது வேறொன்று என்ற கோடு அங்கே கீறப்பட்டது. நம்முடைய அதிகாரிகளுக்கு அந்தக் கோடு கண்ணில் படவில்லை.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகாமல் நம்முடைய முற்றத்துக்கே வருவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1966 ஜனவரி முதல் 1971 நடுப்பகுதி வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. டட்லி சேனநாயக்க அரசு போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி என்று மாதத்துக்கு நான்கு நாள். அதற்கு முதல்நாள் அரைநாள். நிலவுக்கு ஏழு நாள் கணக்குத் தெரியாது. ஒரு வாரம் ஆறு நாளில் முடிந்துவிடும், இன்னொரு வாரம் எட்டு நாளுக்கு இழுபடும். துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் உலகத்தின் கிழமையில் வந்தன. துறைமுகம் நிலவின் கிழமையில் வேலை செய்தது.

இதை எழுதுபவரின் தகப்பனார் அந்தக் காலத்தில் துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஞாயிறு விடியற்காலை இருட்டோடு பூசைக்குப் போவார். நன்மை வாங்கிய கையோடு, பிரசங்கம் முடியக் காத்த பொறுமையும் முடிந்துபோக, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடுவார். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் நிம்மதி. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிக்கூடம். மறைக்கல்வி எந்த நாளில் என்று போயாக் கலண்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரசு எங்கள் கோயிலைப் பூட்டவில்லை, பூசையைத் தடுக்கவில்லை. வேறொருவருடைய புனித நாளை எல்லோருக்கும் கிழமையாக்கியது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பாரம் என்பதை எங்கள் அப்பா ஐந்தரை வருடம் சைக்கிள் மிதித்துத் தெரிந்துகொண்டார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வந்தது. வந்தும் மறந்துவிட்டோம். 1971இல் ஞாயிறு திரும்பிவந்ததும், சனிக்கிழமைக்காரர் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிழமையும் படுகிற பாடு அதுவே என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நேரே கோணேசர் மலையடிக்குப் போகிறது. அதே டட்லி அரசில் தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் மு. திருச்செல்வம். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கும் வழியை ஆராய 1968இல் அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபம் பிரதமரிடம் போனதும் குழுவின் வேலை நிறுத்தப்பட்டது. திருச்செல்வம் பதவி விலகினார். இதைத் தமிழர் இன்றைக்கும் மனவருத்தத்தோடு நினைக்கிறோம். வருத்தப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தின் பாடத்தை முழுதாகப் படிக்க வேண்டும். எது புனிதம், எது புனிதமில்லை என்று எழுதும் பேனா அரசாங்கத்தின் கையில் இருக்கும்வரை, அதன் முனை எண்ணிக்கை கூடியவர் பக்கமே சாயும். கொழும்பில் அந்தப் பேனாவைக் கண்டு பயப்படும் நாங்கள், மாவட்டக் கச்சேரியில் அது எங்கள் பக்கம் எழுதும்போது மட்டும் கைதட்டுகிறோம்.

கத்தோலிக்கரும் மறந்துவிடக் கூடாது. திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி இணைக்கக் கொண்டுவந்த சட்டமூலம், அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்குத் தரும் முதன்மை இடத்தோடு முரண்படுகிறது என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னது. கன்னியர் ஜெனீவா வரை போக வேண்டியிருந்தது. 2005 ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர்கள் உரிமை மீறப்பட்டதாக முடிவு சொன்னது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மதம் மாறுகிறவர் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அதன் ஒரு வாசகம். ஒருவரின் மனச்சாட்சி கச்சேரியில் பதிய வேண்டிய காணி உறுதியா என்று அன்றைக்குக் கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். உயர் நீதிமன்றமும் அந்த வாசகம் 10ஆம் உறுப்புரைக்கு முரண் என்றது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தைச் சொல்கிற அந்த 10ஆம் உறுப்புரை நிழலில் அன்றைக்கு ஒதுங்கியவர்கள் நாங்கள். இன்றைக்கு அதே நிழலில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஒதுங்க வரும்போது இடமில்லை என்கிறோம்.

அதிகாரிகளிடம் ஒரு கேள்வி. ஞாயிறு முற்பகல் அவ்வளவு புனிதமானது என்றால், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எந்தக் கிழமையில் நடக்கிறது? 2023இல் ஒக்டோபர் 15. 2024இல் செப்டெம்பர் 15. 2025இல் ஓகஸ்ட் 10. மூன்றும் ஞாயிறு. பத்து வயதுப் பிள்ளையைப் பரீட்சை மண்டபத்தில் இருத்த அரசாங்கத்துக்கு ஞாயிறு வசதியான நாள். அதே பிள்ளையைத் தகரக் கொட்டிலில் இருத்த ரியூசன் மாஸ்டருக்கு மட்டும் அது ஆகாத நாள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது வேறென்ன?

சமயத் தலைவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்துப் பிள்ளைக்கு ஞாயிறு எந்தச் சாத்திரத்தில் சிறந்த நாள்? வெள்ளி உண்டு, பூரணை உண்டு, பிரதோஷம் உண்டு. வெள்ளைக்காரன் தன் கிழமையின்படி கந்தோரைப் பூட்டிவிட்டுப் போன நாள் என்பதால்தான் அறநெறிப் பாடசாலையும் தஹம் பாடசாலையும் ஞாயிற்றில் வந்து அமர்ந்தன. வசதிக்கு எடுத்த நாளைச் சட்டத்தால் சிறைப்பிடிக்க என்ன அவசியம்? அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்றால், ஏன் வருவதில்லை என்று வகுப்புக்குள்ளே போய்ப் பாருங்கள். படிப்பிப்பவருக்குப் பயிற்சி உண்டா? திரும்பத் திரும்ப ஒரே புராணத்தை ஒப்புவிக்கச் சொல்கிறீர்களா? எங்கள் மறைக்கல்வி வகுப்பிலும் இதே நோய்தான், மறைக்கவில்லை. கேட்கும்படி பேசத் தெரிந்த ஆசிரியருக்கு முன்னால் பிள்ளைகள் ஞாயிறென்றாலும் திங்களென்றாலும் வந்து உட்காருவதைக் கண்டிருக்கிறோம். பக்கத்துக் கொட்டில் பூட்டியிருப்பதால் வேறு போக்கிடமில்லாமல் வந்து குந்தும் பிள்ளை பக்தியைப் படிக்காது. அதிகாரத்துக்கு அடங்குவதைப் படிக்கும்.

கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முஸ்லிம் ஊர்களில் வெள்ளி ஜும்ஆ நேரத்துக்கு வள்ளம் கரையில் கிடக்கும். எந்தச் சுற்றுநிருபமும் அந்த வள்ளங்களைக் கட்டிவைக்கவில்லை. நம்பிக்கையுள்ள மனிதர் தம் கையாலேயே கட்டினார்கள். பக்கத்து ஊரானின் வள்ளத்தையும் அன்றைக்குக் கட்டு என்று அவர்கள் பொலிஸுக்குப் போகவில்லை. திருகோணமலை இத்தனை சமயத்தோடும் ஒரு கரையில் வாழ்ந்து வந்தது இந்த வகையில்தான்.

ஆகவே எங்கள் கண்டனம் தெளிவானது. சமயக் காரணம் சொல்லி ஒரு நாளைக் குறித்துத் தனியார் வகுப்புகளைத் தடுக்கும் முடிவுகளைக் கண்டிக்கிறோம். எழுத்தில் எதுவும் வைக்காமல், கேட்டால் நாங்கள் சொல்லவில்லை என்று நழுவக்கூடிய வாய்மொழி அறிவுறுத்தல்களை இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறோம். பேரறிவிப்பாக வரும் தடைக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். காதோடு காதாக வரும் தடைக்கு எதிராக எங்கே போவது?

திருத்தம் இன்னதென்றும் சொல்கிறோம். முதலாவது, கிழக்கு மாகாணத்தில் அத்தகைய எழுத்து உத்தரவு எங்கேனும் இருந்தால் அதை வெளியிட்டு, பின் மீளப்பெற வேண்டும். இல்லாவிட்டால், இல்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். ரியூசன் நடத்துபவர்கள் அந்தக் கடதாசியைக் கொட்டில் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். இரண்டாவது, பிள்ளைகளின் ஓய்வுதான் அக்கறை என்றால் கிழமைப் பெயர் இல்லாத விதி செய்யுங்கள். மணிக்கணக்கு, இரவு நேரம், வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு. அந்த நாளைக் குடும்பம் தெரிவு செய்யட்டும். மூன்றாவது, பாடசாலைகளின் மேலதிக வகுப்பும் தவணைப் பரீட்சையும் சனிக்கிழமையில் விழும்போது மனச்சாட்சிக் காரணம் சொல்லும் பிள்ளைக்கு மாற்று நேரம் தரும் நடைமுறையை வலயக் கல்வி அலுவலகங்கள் எழுதிவைக்க வேண்டும். அதிபரின் நல்ல மனதை நம்பி ஒவ்வொரு தாயும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற நிலை போக வேண்டும். வெள்ளி நண்பகலில் முஸ்லிம் மாணவருக்குக் காட்டும் மரியாதையை இந்த நாடு ஏற்கெனவே அறியும். அதை ஒரு நாள் தள்ளிக் காட்டுவதில் வானம் இடிந்துவிழாது. நான்காவது, சமயத் தலைவர்கள் இனிமேல் பிள்ளைகளை வரவழைக்கக் கச்சேரிக்குப் போவதை நிறுத்த வேண்டும்.

எண்ணிக்கையில் அவர்கள் எத்தனை பேர் என்று சிலர் கேட்கிறார்கள். பாலையூற்றில் கையால் எண்ணிவிடலாம். அதனால்தான் இதைத் தலையங்கமாக எழுத வேண்டியிருக்கிறது. ஆயிரம் பேராய் இருந்திருந்தால் எங்களுக்கு முன்னரே ஒரு அரசியல்வாதி மேடை போட்டிருப்பார்.

கடைசியாக, எங்கள் பக்கத்துத் திருத்தமும் ஒன்று உண்டு. ஞாயிறு வகுப்புகளுக்குத் தடை வேண்டும் என்ற பேச்சு முதலில் எழுந்தபோது இந்த இதழ் அதை வரவேற்று எழுதியது. பிள்ளைகள் கோயிலுக்கு வருவார்கள் என்று சந்தோஷப்பட்டோம். சனிக்கிழமை பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, நினைக்கவுமில்லை. அந்த எழுத்து பிழை. அதைத் திரும்பப் பெறுகிறோம். அதிகாரிகள் தங்களுடையதைத் திரும்பப் பெறும்வரை அந்தப் பிள்ளைக்குக் கொப்பி தேவைப்படும். எங்கள் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். சனி பொழுதுபட்டதும் அவளுடைய கணிதக் கொப்பி அந்த ஒழுங்கைக்குப் போகும். இது பரிகாரம் அல்ல. அடுத்த தவணை நேரசூசி எழுதப்படும்போது அந்த வேலை தேவைப்படாமல் போக வேண்டும்.